அயலினப் பெயரீடும் திணைத் தெரிவும்: மட்டாஞ்சேரி வழக்கும் அறிவியல் புனைகதை மொழிபெயர்ப்பும்

0. முன்னுரை

அறிவியல் புனைகதைகளில் இடம்பெறும் வேற்றுலக இனங்களின் பெயர்கள் பெரும்பாலும் ஓர் அளவுகோலைக் கொண்டே மதிப்பிடப்படுகின்றன. பெயர் செவிக்கு எவ்வளவு விந்தையாக ஒலிக்கிறதோ அவ்வளவுக்கு அது சிறந்தது என்பதே அவ்வளவுகோல். இக்கருத்தை ஏற்கும் மொழிபெயர்ப்பாளர் அப்பெயர்களை ஒலிபெயர்த்துவிட்டால் தம் பணி முடிந்தது எனக் கொள்வது இயல்பே. ஆயின் இனப்பெயர் வெறும் ஒலித்தொடர் அன்று. பெயரிட்டவர் யார், யாருக்குப் பெயரிட்டார், இருவர்க்கும் இடையே இருந்த உறவு யாது என்னும் மூன்று செய்திகளும் அதனுள் அடங்கியுள்ளன. ஓர் இனம் தன்னைக் குறிக்க வழங்கும் பெயரை அகப்பெயர் என்றும், பிறர் அதற்கு இட்டு வழங்கும் பெயரைப் புறப்பெயர் என்றும் ஈண்டுக் குறிக்கலாம். இவ்வேறுபாட்டைக் கருதாத ஒலிபெயர்ப்பு, பெயரில் பொதிந்துள்ள உறவை இழந்துவிடுகிறது.

இதனை விளக்கக் கொச்சியின் மட்டாஞ்சேரிப் பகுதி ஏற்ற களமாகும். யூதர், அராபியர், போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், ஆப்பிரிக்கர், கொங்கணியர், குஜராத்தியர், தமிழர் எனப் பல திசையினர் வந்து சேர்ந்த கடற்கரை நகரம் அது. அங்கு வந்தவர்க்கு இருந்தவர் இட்ட பெயர்கள் பல நூற்றாண்டுகளாகத் தேய்ந்தும் திரிந்தும் இன்றும் வழங்குகின்றன. புனைகதை ஆசிரியர் ஒருவர் தனியே இருந்து படைக்கும் பெயர்களை இவற்றோடு ஒப்பிட்டு, தமிழ் மொழிபெயர்ப்பாளர் மேற்கொள்ள வேண்டிய நெறி யாது எனக் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. மட்டாஞ்சேரியில் அயலினப் பெயர்கள்

1.1 ஒலித்தழுவல்

மட்டாஞ்சேரிப் பரதேசி யூதக்கோயில் 1568இல் கட்டப்பெற்றது. அங்குப் பாதுகாக்கப்பட்டு வரும் செப்பேடுகள் ஏறத்தாழ கி.பி. 1000இல் சேர மன்னன் பாஸ்கர ரவியால் வழங்கப்பட்டவை. வட்டெழுத்தில் அமைந்த அவ்வாவணத்தில் யோசேப்பு ரப்பான் என்னும் யூத வணிகத் தலைவரின் பெயர் 'இஸ்ஸுப்பு இரப்பான்' என்று காணப்படுகிறது. ரகரம் மொழிக்கு முதலாகாது என்னும் மரபின்படி இகரம் முன்னே சேர்ந்துள்ளது. அயலவரின் பெயர் உள்ளூர் மொழியின் ஒலியமைப்புக்குள் நுழைந்து குடியேறியுள்ளது எனலாம்.

'பறங்கி' என்னும் சொல்லும் இவ்வகையினது. 'பிராங்கு' என்னும் ஐரோப்பிய இனத்தின் பெயர் அரபு, பாரசீக மொழிகளில் ஐரோப்பியர் அனைவருக்கும் பொதுப்பெயராகி, அங்கிருந்து இந்தியக் கரைகளை அடைந்தது. தமிழில் அது பரங்கிமலை, பரங்கிப்பேட்டை என ஊர்ப்பெயராயிற்று. பரங்கிக்காய் எனக் காய்கறியின் பெயராயிற்று. மலையாளத்தில் பறங்கிமாவு என்பது முந்திரி மரத்தைக் குறிக்கும். இலங்கைத் தமிழில் பறங்கியர் என்பது தனியொரு சமூகத்தின் பெயர். இங்ஙனமே ஒல்லாந்து என்னும் நாட்டுப்பெயர் மலையாளத்தில் 'லந்த' எனவும், இலங்கைத் தமிழில் 'ஒல்லாந்தர்' எனவும் வடிவம் பெற்றது. என். எஸ். மாதவனின் 'லந்தன்பத்தேரியிலெ லுத்தினியகள்' என்னும் 2003ஆம் ஆண்டு மலையாளப் புதினம் டச்சுக்காரரைச் சுட்டும் இச்சொல்லைத் தலைப்பிலேயே தாங்கியுள்ளது.

1.2 உறவுநிலைப் பெயர்

'பரதேசி' என்பது எந்த நாட்டையும் சுட்டாத பெயர். பிற நாட்டிலிருந்து வந்தவர் என்னும் நிலையை மட்டுமே அது சுட்டும். பதினாறாம் நூற்றாண்டு முதலாக வந்து சேர்ந்த யூதர் பரதேசி யூதர் எனப்பட்டனர். அவர்க்கு முன்னரே வாழ்ந்தவர் மலபாரி யூதர் எனப்பட்டனர். கேரளத்தில் குடியேறிய தமிழ்ப் பிராமணரையும் பரதேசிப் பிராமணர் என்றே அந்நாட்டார் குறித்தனர். தமிழிலோ இதே சொல் ஊர் ஊராய்த் திரியும் துறவியையும் இரவலரையும் குறித்து, பின் வசைச்சொல்லாகவும் இழிந்தது. கொச்சியில் ஒரு வழிபாட்டிடத்தின் பெருமைக்குரிய பெயராக நிற்கும் சொல் தமிழகத் தெருவில் வசையாக ஒலிப்பது, உறவுநிலைப் பெயரின் பொருள் பேசுவோரைப் பொறுத்தே அமையும் என்பதற்குச் சான்றாகும்.

தமிழர்க்கு இட்ட பெயரும் இங்குக் கருதத்தக்கது. பாண்டிய நாட்டைச் சுட்டிய 'பாண்டி' என்னும் சொல் மலையாளப் பேச்சு வழக்கில் தமிழரை இழித்துரைக்கும் சொல்லாக மாறியுள்ளது. சொல்லின் வடிவில் இழிவு ஏதும் இல்லை. வழங்குவோரின் நோக்கே அதனை இழிசொல்லாக்கியது.

1.3 முறைப்பெயர்

மலையாள மரபில் சோனக மாப்பிள, நஸ்ராணி மாப்பிள, ஜூத மாப்பிள என்னும் மூன்று தொடர்கள் முறையே இசுலாமியர், கிறித்தவர், யூதர் ஆகியோரைக் குறித்தன. 'மாப்பிள' என்னும் சொல்லின் தோற்றம் குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் மணமகனையும் மருமகனையும் குறிக்கும் சொல்லோடு அது வடிவத்தால் ஒன்றியிருப்பதும், மதிப்புக்குரிய பெயராக வழங்கியதும் வெளிப்படை. அமைப்பு நோக்கில் இது பொதுப்பெயரும் சிறப்பு அடையும் கொண்ட வகைப்பாடு. அயலவர் மூவரும் ஒரே பொதுப்பெயரின்கீழ் அடங்கி, அடையால் மட்டும் வேறுபடுகின்றனர்.

இதனினும் குறிப்பிடத்தக்கது 'காப்பிரி முத்தப்பன்' வழிபாடு. அரபு மொழியில் இறைநம்பிக்கை இல்லாதவரைக் குறித்த 'காபிர்' என்னும் சொல் போர்த்துக்கீசியர் வாயிலாக ஆப்பிரிக்கரைக் குறிக்கும் 'காப்பிரி' ஆயிற்று. 1663இல் டச்சுக்காரர் கொச்சியைக் கைப்பற்றியபோது போர்த்துக்கீசியர் தம் செல்வத்தைச் சுவர்களில் மறைத்து, அதற்குக் காவலாக ஆப்பிரிக்க அடிமைகளைக் கொன்று உடன் புதைத்தனர் என்பது மட்டாஞ்சேரி, கொச்சிக் கோட்டைப் பகுதிகளில் வழங்கும் நாட்டார் நம்பிக்கை. அவ்வாறு இறந்தோர் காவல் தெய்வமாகிச் சுருட்டும் கள்ளும் படைக்கப்பெறுகின்றனர். வசையாகத் தொடங்கிய இனப்பெயரோடு மூதாதையைக் குறிக்கும் முறைப்பெயர் சேர்ந்து தெய்வப்பெயராகியுள்ளது. பெயர்ச்சொல் மாறவில்லை, அதனோடு இயைந்த சொல்லே உறவை மாற்றியது. இக்கூறு பின்னர் மொழிபெயர்ப்பை ஆராயுமிடத்துப் பயன்படும்.

2. பெயரும் உரிமையும்

இனப்பெயர் வாழ்வுரிமையை வரையறுப்பதும் உண்டு. கொச்சி யூதரிடையே 'மெஷுஹ்ராரிம்' எனப்பட்ட ஒரு பிரிவினர் இருந்தனர். எபிரேயத்தில் இதன் பொருள் விடுவிக்கப்பெற்றோர் என்பது. அடிமை நிலையிலிருந்து விடுதலை பெற்றவரையும் அவர்தம் வழித்தோன்றல்களையும் இது குறித்தது. சொல்லளவில் விடுதலையை உணர்த்தும் இப்பெயர், நடைமுறையில் முன்னோரின் அடிமை நிலையைத் தலைமுறைதோறும் நினைவூட்டும் முத்திரையாயிற்று. பரதேசி யூதக்கோயிலில் இருக்கையில் அமர்தல், மறைநூல் ஓதுதல் முதலிய உரிமைகள் அவர்க்கு மறுக்கப்பட்டன. அப்பிரிவில் பிறந்த வழக்கறிஞர் ஆபிரகாம் பராக் சேலம் (1882–1967) இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இதனை எதிர்த்து அறவழியில் போராடினார். தடைகள் படிப்படியாகத் தளர்ந்தன.

ஐரோப்பியர் எழுத்தில் பரவிய 'வெள்ளை யூதர்', 'கருப்பு யூதர்' என்னும் பாகுபாடும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. வருகையின் காலத்தைச் சுட்டிய பரதேசி, மலபாரி என்னும் இணை, நிறத்தைச் சுட்டும் இணையாகப் பெயர்க்கப்பட்டது. மொழிபெயர்ப்பு ஒரு சமூக உறவையே மாற்றிக் காட்டியதற்கு இது தக்க சான்று.

3. புனைகதைப் பெயர்கள்

மேற்கண்ட வகைகள் அறிவியல் புனைகதையிலும் காணப்படுகின்றன. எச். ஜி. வெல்ஸின் 1898ஆம் ஆண்டுப் புதினத்தில் பூமியைத் தாக்குவோர் செவ்வாய்க் கோளின் பெயராலும், 1901இல் வெளிவந்த மற்றொரு புதினத்தில் நிலவில் வாழ்வோர் நிலவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லாலும் சுட்டப்பெறுகின்றனர். இவை இடப்பெயர் வழி வந்த புறப்பெயர்கள். அவ்வினங்கள் தம்மை எங்ஙனம் அழைத்துக்கொண்டன என்பதற்கு இப்பெயர்களில் இடமில்லை.

'கிளிங்கன்' என்னும் பெயர் ஒலித்தழுவலுக்கு அரிய எடுத்துக்காட்டு. 1967இல் தொலைக்காட்சித் தொடரில் இப்பெயர் முதலில் வந்தது. அவ்வினத்திற்கு முழுமையான மொழி பின்னரே அமைந்தது. அதனை அமைத்து 1985இல் அகராதி வெளியிட்ட மொழியியலாளர் மார்க் ஓக்ரண்ட், ஆங்கிலத்தில் இல்லாத மருங்கொலி ஒன்றை முதலெழுத்தாகக் கொண்ட வடிவத்தை அவ்வினத்தின் அகப்பெயராக வகுத்தார். அதன்படி 'கிளிங்கன்' என்பது ஆங்கிலம் பேசுவோர் வாயில் திரிந்த வடிவமாகிறது. யோசேப்பு இஸ்ஸுப்பு ஆனது போன்றதொரு வரலாறு, புனைவு மொழிக்குப் பின்னோக்கி வழங்கப்பட்டுள்ளது. 2009இல் வெளிவந்த 'அவதார்' திரைப்படத்திற்காகப் பால் ஃபுரோமர் அமைத்த மொழியில் அவ்வினத்தின் பெயர் 'மக்கள்' என்றே பொருள்படும். உலகின் பல பழங்குடிகளின் அகப்பெயர்கள் இப்பொருளைத் தருவன ஆதலின் இத்தெரிவு மொழியியல் நோக்கில் பொருத்தமானது. அப்பெயரின் இடையே வரும் குரல்வளை அடைப்பொலிக்குத் தமிழில் எழுத்தில்லை. ஆகவே 'நாவி' என எழுதும்போது ஒலியும் முழுமையாக வருவதில்லை. 'மக்கள்' என்னும் பொருளும் வருவதில்லை.

புறப்பெயரின் கொடுமையை உர்சுலா லெ குவின் 1972இல் வெளியிட்ட குறும்புதினம் நேரடியாகக் கையாள்கிறது. காடு நிறைந்த கோள் ஒன்றைக் கைப்பற்றும் பூமியினர், அங்கு வாழ்வோரை 'உயிரி' என்னும் பொருள்தரும் ஆங்கிலச் சொல்லைச் சிதைத்து அமைத்த 'கிரீச்சி' என்னும் வசைப்பெயரால் அழைக்கின்றனர். அம்மக்களின் அகப்பெயரோ 'ஆத்ஷி' என்னும் தம் உலகின் பெயரை அடியாகக் கொண்டது. அவர்தம் மொழியில் காட்டிற்கும் உலகிற்கும் அதுவே பெயர். இரு பெயர்களும் ஒரே இனத்தைக் குறிப்பினும் கதையின் அறச்சிக்கல் முழுவதும் இவற்றின் இடைவெளியில்தான் உள்ளது. இரண்டையும் ஒலிபெயர்த்து எழுதினால் தமிழ் வாசகர்க்கு இரண்டும் ஒரே அளவு விந்தையான பெயர்களாகவே தோன்றும். எது வசை, எது சொந்தப் பெயர் என்பது விளங்காது போகும்.

இதற்கு மாறான சிக்கல் நீல் புளோம்காம்ப் இயக்கிய 2009ஆம் ஆண்டுத் திரைப்படமான 'டிஸ்ட்ரிக்ட் 9' என்பதில் எழுகிறது. ஜோகன்னஸ்பர்க்கில் தங்கிவிட்ட வேற்றுலகினரை மக்கள் 'இறால்' என இழித்துரைக்கின்றனர். சொல்லை அப்படியே மொழிபெயர்க்க இயலும். வசை மட்டும் வராது. இறால் கொச்சிக் கடற்கரையில் வருவாய்க்கும் விருந்துக்கும் உரிய பொருள்; தமிழிலும் அது எவரையும் இழித்துரைக்கும் சொல்லாக வழங்குவதில்லை. ஒலிபெயர்ப்பில் பொருள் போகிறது. நேர் மொழிபெயர்ப்பில் நோக்கு போகிறது. இவ்விரு இழப்புகளையும் ஈடுசெய்யும் கருவி பெயர்ச்சொல்லுக்கு வெளியே, தமிழின் திணை அமைப்பில் உள்ளது.

4. திணைத் தெரிவு

ஆங்கிலத்தின் படர்க்கைப் பன்மைப் பெயர் மனிதர்க்கும் பொருள்களுக்கும் பொது. மலையாளத்தில் 'அவர்', 'அவ' என்னும் வேறுபாடு சுட்டுப்பெயரில் இருப்பினும் வினைமுற்று திணை, பால் காட்டுவதில்லை. தமிழிலோ 'வந்தார்கள்' என்றோ 'வந்தன' என்றோ கூறாமல் தொடரை முடிக்க இயலாது. வேற்றுலக இனம் அறிவும் மாண்பும் உடையதா என்பதை மூல ஆசிரியர் பல பக்கங்கள் மறைத்து வைத்திருப்பினும், தமிழ் மொழிபெயர்ப்பாளர் முதல் வினைமுற்றிலேயே தீர்ப்பு வழங்க நேரிடுகிறது.

மரபிலக்கணம் இவ்விடத்துத் துணை செய்கிறது. தொல்காப்பியம் மக்களை உயர்திணை என வரையறுத்து, தெய்வத்தைக் குறிக்கும் பெயர்களும் உயர்திணை முடிபு பெறும் என இசைவளிக்கிறது. நன்னூல் மக்களோடு தேவரையும் நரகரையும் உயர்திணையில் நேரடியாகச் சேர்க்கிறது. இம்மண்ணில் வாழாத இருவகை உயிர்கள் உயர்திணை பெற்றுள்ளமையால், அத்திணை மனித உடலை மட்டும் அளவாகக் கொண்டதன்று என்பது தெளிவு.

ஐயநிலைக்கும் தொல்காப்பியம் விதி கூறுகிறது. தொலைவில் தோன்றுவது மரக்கட்டையோ மனிதனோ என ஐயுறும்போது 'உரு' என்னும் பொதுச்சொல்லாலோ அஃறிணை வாய்பாட்டாலோ கூறலாம் என்பது அதன் கருத்து. வெல்ஸின் புதினத்தில் உருளைக்கலம் திறக்கும் காட்சிக்கு இவ்விதி முற்றும் பொருந்தும். வெளிவருவது மனிதனாக இருக்கும் என எதிர்பார்த்து நிற்போர் முன் வேறொன்று தோன்றுகிறது. அக்காட்சியில் 'உரு' என்றும் அஃறிணை முடிபு கொண்டும் தொடங்கி, அவற்றின் அறிவாற்றல் புலப்பட்ட பின் உயர்திணைக்கு மாறுவது தமிழ் மரபுக்கு உட்பட்ட மொழிபெயர்ப்பே ஆகும்.

மூன்றாவதாகத் திணை வழுவமைதி. உவப்பு, உயர்வு, சிறப்பு ஆகியவற்றால் மட்டுமன்றிச் சினத்தாலும் இழிப்பாலும் திணை மயங்கி வரலாம் என நன்னூல் அமைதி கூறுகிறது. லெ குவினின் கதையில் பூமியினரின் பேச்சில் அம்மக்கள் 'வந்தன', 'செத்தன' என அஃறிணை முடிபு பெறவும், ஆசிரியர் கூற்றிலும் அம்மக்களின் பேச்சிலும் 'வந்தனர்', 'இறந்தனர்' என உயர்திணை முடிபு பெறவும் மொழிபெயர்த்தால், 'கிரீச்சி' என்னும் ஒலிபெயர்ப்பு இழந்த இழிவு வினைமுற்றில் மீள்கிறது. 'இறால்' என்னும் சொல்லும் அவ்வாறே. 'அந்த இறால்கள் கேட்டன' என்பதற்கும் 'இறால்கள் எனப்பட்டோர் கேட்டனர்' என்பதற்கும் இடையிலுள்ள தொலைவே அத்திரைப்படத்தின் பொருள். காப்பிரி என்னும் பெயர் மாறாதிருக்க, முத்தப்பன் என்னும் முறைப்பெயர் உறவை மாற்றியது போலவே, இனப்பெயர் மாறாதிருக்க வினைமுற்று உறவைக் காட்டுகிறது.

5. தமிழ்ப் படைப்புகளில் பெயரீடு

வேற்றுலக உயிரைக் குறிக்கத் தமிழில் பரவலாக வழங்கும் சொல் 'வேற்றுக்கிரகவாசி'. மலையாளத்தில் 'அன்யக்கிரகஜீவி' என்பது வழக்கு. தமிழ் 'வாசி' என்று குடியிருப்பவராகக் காண்கிறது. மலையாளம் 'ஜீவி' என்று உயிராகக் காண்கிறது. 'வாசி' என்னும் ஈறு நகரவாசி, கிராமவாசி என மக்களுக்கே வழங்குவது ஆதலின் உயர்திணையை முன்கூட்டியே வேண்டுகிறது. 'புறக்கோள் உயிரி' போன்ற புதிய ஆக்கங்கள் அஃறிணையை வேண்டுகின்றன. கலைச்சொல் ஆக்குவோர் தூய்மை குறித்தே விவாதிக்கின்றனர். சொல் எத்திணைக்கு வழிகோலுகிறது என்பதையும் அவர்கள் கருதல் வேண்டும்.

ஆர். இரவிக்குமார் இயக்கி 2024இல் வெளிவந்த 'அயலான்' திரைப்படத்தின் தலைப்பு உறவுநிலைப் பெயர்வகையைச் சார்ந்தது. 'அயல்' என்பதன் அடிப்படைப் பொருள் பக்கம், அண்மை என்பதே. மலையாளத்தில் அயல்காரன் என்பவர் அண்டை வீட்டார். இலங்கைத் தமிழில் அயலவர் என்போரும் அவரே. பிறன் என்னும் பொருளையும் அண்டையில் இருப்பவன் என்னும் பொருளையும் ஒருங்கே தரும் இச்சொல், ஆங்கிலச் சொல்லில் இல்லாத நெருக்கத்தைக் கொண்டுள்ளது. அவ்வகையில் இப்பெயரீடு பாராட்டத்தக்கது. எனினும் 'ஆன்' விகுதி வேற்றுலக உயிர்க்கு ஆண்பாலையும் வழங்கிவிடுகிறது. 'அயலார்' என்னும் வடிவம் பலர்பாலோடு மதிப்பையும் தந்திருக்கும். தலைப்புக்கு வேண்டிய தனியொருவர் சுட்டு குறைந்திருக்கும். எதைத் தெரிந்தாலும் ஒன்றை இழக்க நேரும் என்பதற்கு இத்தலைப்பே சான்று.

2015இல் வெளிவந்த 'பாகுபலி' திரைப்படம் அறிவியல் புனைகதை அன்று. ஆயினும் வேற்றினம் ஒன்றிற்குப் புதுமொழி அமைத்த படைப்பு என்பதால் இங்குக் கருதத்தக்கது. கவிஞர் மதன் கார்க்கி அமைத்த 'கிளிக்கி' மொழியைப் பேசும் இனத்திற்குக் 'காலகேயர்' என்னும் பெயர் அமைந்தது. இது மகாபாரதத்தில் வரும் அசுரக் குலத்தின் பெயர். அர் விகுதியால் உயர்திணையாயினும், பெயரின் தொன்ம வரலாறு அவ்வினத்தை அழிக்கத்தக்கதாக முன்னரே தீர்மானித்துவிடுகிறது. அவர்க்கென ஒரு மொழியை முயன்று அமைத்த படைப்பு, அம்மொழியில் அவர்கள் தம்மை எப்படி அழைத்துக்கொண்டனர் என்னும் வினாவுக்கு இடம் தரவில்லை. புறப்பெயர் மட்டும் நின்று அகப்பெயர் இல்லாமற் போவது மொழியாக்கத்தின் பயனைக் குறைக்கிறது.

6. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் கருத்துகள் வருமாறு. அயலினப் பெயரை மொழிபெயர்க்குமுன் அது அகப்பெயரா புறப்பெயரா என வரையறுத்தல் வேண்டும். அகப்பெயராயின் இஸ்ஸுப்பு இரப்பான் போன்று தமிழ் ஒலிமரபுக்கு இயைய எழுதுதல் தகும். அயல் எழுத்துகளையும் மேற்குறிகளையும் பெருக்குவதால் பயனில்லை. புறப்பெயராயின் பெயரிட்டவரின் நோக்கு தமிழ் வாசகர்க்குப் புலனாதல் வேண்டும். சொல்லால் அது இயலாதவிடத்துத் திணை, பால், மதிப்பு ஆகியவற்றைக் காட்டும் ஈறுகளால் இயலும். எப்பாத்திரத்தின் கூற்றில் எத்திணை வரும் என்பதை நூல் முழுமைக்கும் முன்கூட்டியே வகுத்துக்கொள்ளுதலும் இன்றியமையாதது. ஒரு பாத்திரம் தன் கருத்தை மாற்றிக்கொள்ளும் இடம், அதன் வினைமுற்று திணை மாறும் இடமாக அமையலாம்.

திணை வேறுபாட்டை வினையில் கட்டாயமாகக் காட்டும் மொழி என்பதால் தமிழில் அறிவியல் புனைகதையை மொழிபெயர்த்தல் கடினம் எனக் கருதுவோர் உளர். அக்கட்டாயமே இம்மொழிக்கு வாய்த்த நலம். பிறர் மக்களா அல்லரா என்னும் வினாவை மட்டாஞ்சேரியில் யூதக்கோயிலின் இருக்கையும் காப்பிரியின் படையலும் வெவ்வேறு விதமாக எதிர்கொண்டன. அவ்வினாவுக்கு ஒவ்வொரு தொடரின் ஈற்றிலும் விடை கூறியாக வேண்டிய நிலையில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் உள்ளார். அவ்விடையை எண்ணிக் கூறுதல் அவர் கடனாகும். தெலுங்கு, கன்னடம் ஆகிய மொழிகளின் திணைபால் அமைப்பு தமிழினின்று வேறுபட்டது ஆதலின், அம்மொழி பெயர்ப்புகளையும் ஒப்பிட்டு ஆராய்தல் இத்துறையில் மேலும் பயன் தரும்.